குழாயடியும் கொடிமரமும்

1917-ஆம் ஆண்டு. காவிரிக் கரையிலே ஈரோடு. சேர்வராயன் மலையடியிலே சேலம். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது கல் தொலைவு. ஈரோட்டு நகராட்சித் தலைவர் நாற்காலியிலே ஒரு வணிகர் அமர்ந்திருந்தார். சேலம் நகராட்சித் தலைவர் நாற்காலியிலே ஒரு வழக்கறிஞர் அமர்ந்திருந்தார். முன்னவர், ஏட்டுப் படிப்பை இளமையிலேயே விட்டுவிட்டு மண்டிக் கடையிலே உலகத்தைக் கற்றவர். பின்னவர், கல்லூரியிலே கற்று, சட்டமும் கற்று, நீதிமன்றத்திலே புகழும் பொருளும் ஈட்டியவர். முன்னவர் ஈ.வெ. இராமசாமி; பின்னவர் சி. இராசகோபாலாச்சாரியார். வயதிலே ஓராண்டு வேறுபாடுகூட இல்லை. ஆச்சாரியார் 1878 டிசம்பரிலே பிறந்தார். பெரியார் 1879 செப்டம்பரிலே பிறந்தார். இருவரும் நண்பர்கள். 1919-லே இருவரும் நகராட்சி நாற்காலியை விட்டு இறங்கினர்; காந்தியார் காட்டிய நாட்டு அரசியலுக்குள் நுழைந்தனர்.

அதன் பின் ஒருவர் ஏறிய உயரமும், மற்றொருவர் திரும்பிய திசையும் நாடறிந்தவை. ஆனால் நாடறிந்த செய்திக்குள்ளே நாம் எழுப்பாத வினா ஒன்று உறங்கிக் கிடக்கிறது. நகராட்சியிலிருந்து நாட்டு அரசியலுக்குச் செல்பவன் தன்னோடு எதை எடுத்துச் செல்கிறான்? தன்னை மட்டுமா? தன் தெருவின் கேள்வியையும் சேர்த்தா?

இந்த வினா எனக்குத் தானாகத் தோன்றியதன்று. வியாசர்பாடி மகாகவி பாரதி நகரைச் சேர்ந்த ஒரு சிறுமி என் வகுப்பிலே கேட்டது. குடிமையியல் பாடத்திலே கரும்பலகையில் ஏணி ஒன்றை வரைந்தேன்; அடிப்படியிலே நகராட்சி, நடுப்படியிலே சட்டமன்றம், உச்சிப்படியிலே நாடாளுமன்றம். “மேலே போகிறவர், கீழே பாதியிலே விட்ட வேலையை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவார்?” என்றாள் அவள். ஏணியை வரைபவர்களுக்குத் தோன்றாத கேள்வி, ஏணியின் அடியிலே குடத்தோடு நிற்பவர்களுக்குத் தோன்றுகிறது!

அந்நாள் நகராட்சி எத்தகையது என்பதை முதலிலே தெரிந்துகொள்வோம். 1882 மே 18-லே வைசிராய் ரிப்பன் வெளியிட்ட தீர்மானம்தான் இந்தியாவிலே தலத்தன்னாட்சிக்குக் கால்கோள் என்பர். நிருவாகம் சிறக்கும் என்பதைவிட, மக்கள் அரசியலைக் கற்கும் பள்ளியாக நகர்மன்றங்கள் அமையும் என்பதே அவர் நம்பிக்கை. 1884-லே சென்னை மாகாணத்துக்கென மாவட்ட நகராட்சிச் சட்டம் வந்தது. பள்ளி திறந்தது உண்மை, எல்லோருக்கும் திறந்ததா? இல்லை. வரி செலுத்தும் வசதி படைத்தோருக்கே வாக்கு. சொந்த வீடில்லாதவனுக்கு வாக்கில்லை. சேரியிலே குடிசை போட்டவனுக்கு வாக்கில்லை. உழைத்து உழைத்து ஊரைத் துப்புரவாக்கிய கைக்கு அந்த ஊரின் மன்றத்திலே இடமில்லை. மேலே மாவட்ட ஆட்சியரின் கண்காணிப்பு வேறு. படை, சுங்கம், நீதி, நிதி எல்லாம் வெள்ளையன் வசம். சாக்கடை, தெருவிளக்கு, அம்மை ஊசி, தொடக்கப்பள்ளி ஆகியவை நம்மவர் வசம். இரும்புப் பெட்டியின் திறவுகோலைத் தன் இடுப்பிலே செருகிக்கொண்டு, துடைப்பத்தை நம் கையிலே கொடுத்தான்!

எனினும் அந்தத் துடைப்பத்தை ஏளனம் செய்வதற்கில்லை. எந்தத் தெருவுக்கு முதலிலே குழாய், எந்தச் சந்துக்கு முதலிலே விளக்கு, எந்தக் குழந்தைக்குப் பள்ளியிலே எந்த இடம் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் அதிலே அடங்கியிருந்தது. சாதியால் தெருத்தெருவாய்ப் பிரிக்கப்பட்ட நாட்டிலே, குழாயை எங்கே நடுவது என்பது வெறும் பொறியாளரின் கணக்கா? கிணற்றைத் தொடக்கூடாது என்று ஒருவனை ஒதுக்கி வைத்த ஊரிலே, எவரும் வந்து திருகலாம் என்று ஒரு குழாய் நிற்குமானால், அது நூறு சொற்பொழிவுக்குச் சமம். அரசியல் மேடையிலே “சமத்துவம்” என்று முழங்கிவிட்டு இறங்கிவிடலாம். நகராட்சித் தலைவனுக்கு அந்த வசதி இல்லை. நாளைக் காலையில் தண்ணீர் எந்தத் தெருவுக்கு என்று இன்று மாலையே அவன் சொல்லியாக வேண்டும்.

ஈரோட்டிலே பெரியார் செய்தவை இன்றும் பேசப்படுகின்றன. காவிரி பக்கத்திலே ஓடியும், ஊருக்குள்ளே நல்ல தண்ணீருக்குத் திண்டாட்டம். அந்நிலையை மாற்ற, பாதுகாக்கப்பட்ட குடிநீரைக் குழாய் வழியே கொண்டுவரும் திட்டத்துக்கு வழிகோலினார். குறுகிக் கிடந்த தெருக்களை அகலப்படுத்தினார். வீதியை விழுங்கிய கட்டடங்களை அகற்றினார். வணிகர்கள் வாழும் ஊரிலே, வணிகர் ஒருவரே, கடை முகப்புகளை இடிக்கச் சொல்வது என்றால் அதற்கு நெஞ்சுரம் வேண்டும். நாள்தோறும் முகம் பார்க்கும் உறவினர், ஒரே மண்டித் தெருவிலே கணக்கு வைத்திருக்கும் நண்பர், இவர்களின் திண்ணைதானே வீதியிலே நீட்டிக்கொண்டிருந்திருக்கும்?

சேலத்திலே ஆச்சாரியார் 1911-லேயே மன்ற உறுப்பினரானவர். 1917-லே தலைவரானார். ஆதித்திராவிடர் ஒருவர் அந்நகராட்சியிலே முதன்முதலாக உறுப்பினராக அமர்ந்தது அவர் முயற்சியால்தான். அந்நாளைய சேலத்து வைதிகம் இதை எப்படி விழுங்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! 1916-லே, அறிவியல் கலைச்சொற்களைத் தமிழிலே ஆக்க ஒரு சங்கம் கண்டவர்களிலும் அவர் ஒருவர். பிற்காலத்திலே அவரோடு நம்மவர் மோதிய மோதல்களை மட்டுமே படித்து வளர்ந்த இளைஞர்களுக்கு இவை வியப்பாக இருக்கும். வரலாறு எழுதுவோன் வழக்கறிஞன் அல்லன். எதிர்த்தரப்புக்குச் சாதகமான சான்றை மறைக்கும் உரிமை அவனுக்கில்லை.

இவ்வளவு செய்யத்தக்க நாற்காலியை ஏன் விட்டார்கள்?

1919-ஆம் ஆண்டு அப்படிப்பட்ட ஆண்டு. விசாரணையின்றிச் சிறையிலே தள்ள ரௌலட் சட்டம் வந்தது. அவ்வாண்டு மார்ச்சிலே காந்தியார் சென்னைக்கு வந்து, கதீட்ரல் சாலையிலே ஆச்சாரியார் குடியிருந்த வீட்டிலே தங்கினார். நாடெங்கும் கடையடைப்பு என்ற எண்ணம் அவருக்கு உதித்தது அந்த வீட்டிலேதான். ஏப்ரல் 13-லே அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக் திடலிலே துப்பாக்கி வெடித்தது. சுவருக்குள்ளே அடைபட்ட மக்கள் சுருண்டு விழுந்த பின்னும் சாக்கடை மூடிக்குக் கொட்டேசன் கேட்டுக்கொண்டிருக்க எந்த மானமுள்ள மனிதனால் முடியும்? நகராட்சிச் சட்டத்துக்குள்ளே எட்டாத கொடுமை அது. பெரியாரைக் காங்கிரசுக்கு அழைத்தவர்களிலே ஆச்சாரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் முதன்மையானவர்கள். நகராட்சித் தலைமையோடு, தாம் வகித்த பிற பொறுப்புகளையும் பெரியார் உதறினார். அவை 29 என்பது அவர் வரலாற்றிலே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. வணிகத்தையும் விட்டார், கதர் மூட்டையைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாய் விற்றார். ஆச்சாரியார் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தார்.

இங்கே ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். தமிழகத்திலே நகராட்சியிலிருந்து நாட்டு அரசியலுக்குச் சென்றார்கள் என்றால், வடக்கே பலர் நேர்மாறாக நாட்டு அரசியலிலிருந்து நகராட்சிக்கு வந்தார்கள். வல்லபாய் பட்டேல் 1917-லேயே அகமதாபாத் நகராட்சியிலே உறுப்பினர். 1924 முதல் 1928 வரை அதன் தலைவர். நேரு 1923-லே அலகாபாத் நகராட்சித் தலைவரானார். இராசேந்திர பிரசாத் 1924-லே பாட்னாவிலே தலைவர். அதே ஆண்டிலே சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தாவின் மேயர். அவருக்குக் கீழே தலைமை நிருவாக அதிகாரி சுபாஷ் சந்திர போஸ். ஒத்துழையாமை இயக்கம் ஓய்ந்த வேளையிலே, ஆட்சிக் கலையைக் கற்க அவர்கள் குழாயடியை நாடினார்கள். பிற்காலத்துப் பிரதமரும், துணைப் பிரதமரும், குடியரசுத் தலைவரும் ஒரு காலத்திலே குப்பை வண்டிக் கணக்குப் பார்த்தவர்கள் என்பதை நம் பாடநூல்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை!

கடல் கடந்தும் ஒரு காட்சி. இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரின் மேயராக 1873 முதல் 1876 வரை இருந்தவர் ஜோசப் சேம்பர்லின். தனியார் கையிலிருந்த எரிவாயுவையும் தண்ணீரையும் நகரின் உடைமையாக்கியவர். சேரிகளை இடித்து நகரைச் சீர்செய்தவர். 1876-லே நாடாளுமன்றம் புகுந்தார். 1895-லே குடியேற்ற நாடுகளின் அமைச்சரானார். தென்னாப்பிரிக்காவிலே போயர் போர் மூண்டபோது, ஏகாதிபத்தியத்தின் முரசு அறைந்தவர் அவரே. பர்மிங்காமின் ஏழைக்குத் தண்ணீர் தந்த கை அது! ஆள் மேலே போனார். தண்ணீர்க் கேள்வி பர்மிங்காமிலேயே நின்றுவிட்டது.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். பெரியார் தம்மோடு எதை எடுத்துச் சென்றார்? கள்ளுக்கடை மறியல் என்று காங்கிரசு சொன்னது. தாதம்பட்டியிலே தமக்கிருந்த தென்னந்தோப்பில் ஐந்நூறு மரங்களை வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டு மறியலிலே அவர் சிறை சென்றபின், துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் தெருவுக்கு வந்தனர். இவை தேசியம் கேட்டதற்கு அவர் கொடுத்தவை. அவர் தேசியத்திடம் கேட்டது என்ன? 1920-லே திருநெல்வேலி மாநாடு முதல், கல்வியிலும் பதவியிலும் எல்லா வகுப்பாருக்கும் உரிய பங்கு என்ற தீர்மானத்தைக் காங்கிரசு ஏற்க வேண்டும் என்று ஆண்டுதோறும் கேட்டார். 1922-லே திருப்பூரிலே கோயில் நுழைவு உரிமைக்குக் குரல் கொடுத்தார். உற்று நோக்குங்கள்: நகராட்சித் தலைவன் அன்றாடம் எதிர்கொள்ளும் அதே வினாக்கள்தாம் இவை. யாருக்கு வேலை? யாருக்கு இடம்? எந்தத் தெரு யாருடையது?

1924 மார்ச் 30-லே வைக்கத்திலே போராட்டம் தொடங்கியது. திருவிதாங்கூர் சமத்தானத்திலே, மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலே ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்பது தடை. கோயிலுக்குள் அல்ல, தோழர்களே, தெருவிலே! மாடு நடக்கலாம், நாய் நடக்கலாம், மனிதன் நடக்கலாகாது. தலைவர்கள் சிறைப்பட்டபின் ஏப்ரலிலே பெரியாருக்கு அழைப்பு வந்தது. அப்போது அவர் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைமைப் பொறுப்பிலே இருந்தார். போனார்; பேசினார்; இருமுறை சிறை புகுந்தார். ஈரோட்டிலே தெருவை அகலப்படுத்தியவர், வைக்கத்திலே தெருவைத் திறக்கச் சென்றார். அளவு மாறியது, எல்லை மாறியது, வேலை மாறவில்லை. நகராட்சி மனிதன் நாட்டு அரசியலிலே நின்று செய்யத்தக்க செயல் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் தேசியம் அந்த மனிதனை எவ்வளவு நாள் பொறுத்தது? சேரன்மாதேவியிலே வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்துக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்பி, ஐயாயிரம் தந்திருந்தது. எல்லோரும் கொடுத்த பணம் அது. அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியிடத்திலே சோறு. செய்தி வெளியானதும் வரதராசுலு நாயுடுவும் பெரியாரும் போர்க்கொடி உயர்த்தினர். பொதுப் பணத்திலே நடக்கும் நிறுவனத்திலே பந்தி பிரிக்கலாமா என்பது கேள்வி. நகராட்சிப் பள்ளியிலே இப்படி நடந்திருந்தால் ஒரே ஆணையிலே நிறுத்தியிருப்பார் பெரியார். தேசியக் கட்சியிலோ, மாதக் கணக்கிலே வாதம், சமாதானம், ஒத்திவைப்பு! இந்த வழக்கிலே ஈரோட்டு முன்னாள் தலைவரும் சேலத்து முன்னாள் தலைவரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. 1925 ஜூனிலே ஐயர் அருவியிலே விழுந்து மாண்டார். அந்தத் துயரத்தோடு குருகுல வழக்கின் சூடும் தணிந்தது. வினா தணியவில்லை.

1925 நவம்பர், காஞ்சிபுரம். தமிழ்நாட்டுக் காங்கிரசு மாநாடு. தலைமை திரு.வி.கலியாணசுந்தரனார். பெரியார் கொண்டுவந்த வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு அவையிலே இடமில்லை என்று தலைவர் தீர்ப்பளித்தார். பெரியார் வெளியேறினார். திரு.வி.க. பெயர் தாங்கிய நகர் எங்கள் பகுதிக்கு அண்டையிலேயே இருக்கிறது. பெரம்பூர் ஆலைத் தொழிலாளருக்காக அவர் உழைத்த உழைப்புக்கு அந்தப் பெயர் தகும், இன்னும் பெரியதும் தகும். தொழிலாளியின் கூலிக்கு உருகிய அந்தச் சான்றோர், அதே தொழிலாளியின் மகனுக்கு அலுவலகத்திலே பங்கு கேட்ட தீர்மானத்தை ஒதுக்கியது ஏன்? நாடு முதலில், தெரு பிறகு என்பதே அன்றைய தேசியத்தின் வரிசை. முதலில் விடுதலை வரட்டும், மற்றவை பின்னால் பார்ப்போம் என்று நல்லவர்களும் நம்பினார்கள். கொடிமரம் நட்டபின் குழாய் நடலாம் என்றார்கள். தாகமோ கொடியேறும்வரை காத்திருப்பதில்லை.

ஆச்சாரியார் காத்திருந்தார், ஏறினார். 1921–22-லே காங்கிரசின் பொதுச் செயலாளர். 1937-லே சென்னை மாகாணத்தின் முதல்வர். 1948 ஜூன் 21 முதல் இந்தியாவின் தலைமை ஆளுநர். அந்நாற்காலியிலே அமர்ந்த முதல் இந்தியரும் கடைசி மனிதரும் அவரே. சேலத்து நகர்மன்றத்திலிருந்து வைசிராய் மாளிகைவரை! தனிமனிதன் ஏறிய ஏற்றமாகப் பார்த்தால் இதற்கு இணை அரிது. அவர் தெருவின் கேள்வியை முற்றிலும் மறந்தார் என்பதும் பொய். 1937 அக்டோபரிலே மதுவிலக்கை முதலிலே கொண்டுவந்தது தம் சேலம் மாவட்டத்திலேதான். 1939-லே கோயில் நுழைவுக்குச் சட்டத்தின் பாதுகாப்பைத் தந்ததும் அவர் ஆட்சியே. ஆனால் உயரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரு கோடாகத் தெரியும். தெருவிலே நடப்பவன் முகம் தெரியாது. 1938-லே இந்தியைப் பள்ளியிலே கட்டாயமாக்கினார். மீண்டும் முதல்வராகி, 1953-லே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரைநாள் படிப்பு, மறு அரைநாள் பெற்றோர் தொழில் என்று ஒரு திட்டம் வகுத்தார். ஆதித்திராவிடரை மன்றத்திலே அமரச் செய்த அதே மனிதர், துப்புரவுத் தொழிலாளியின் மகன் அரைநாள் எங்கே போவான் என்று ஏன் எண்ணிப் பார்க்கவில்லை? சேலத்திலே 1918-லே அவர் முன்னால் அந்தப் பையன் நின்றிருப்பான். 1953-லே நின்றது கோப்பு. 1954 ஏப்ரலிலே பதவி விலகினார். திட்டமும் அடுத்து மறைந்தது.

அவருக்குப் பின் வந்த காமராசருக்கும் ஒரு நகராட்சிக் கதை உண்டு. மற்றவற்றைவிட அது என்னைத் தொட்டது. 1941-லே அவர் வேலூர்ச் சிறையிலே இருக்கையில், விருதுநகர் நகராட்சி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. விடுதலையாகி வந்ததும் நேரே நகராட்சிக்குச் சென்று பதவியை விட்டு விலகினார். முழுமையாகப் பணியாற்ற இயலாத பொறுப்பிலே அமரலாகாது என்பது அவர் கருத்து. இரண்டு நாற்காலியிலே ஒருசேர அமர்ந்து இரண்டையும் தேய்க்கும் கலை அவருக்குத் தெரியாது போலும்! பின்னர் முதல்வர், 1963 அக்டோபரிலே அந்தப் பதவியையும் விட்டார், 1964 சனவரியிலே அகில இந்தியக் காங்கிரசின் தலைவர். 1964-லே சாஸ்திரியையும் 1966-லே இந்திராவையும் பிரதமராக்கியதில் பெரும்பங்கு அவருடையது. டில்லியிலே பிரதமரைத் தேர்ந்தெடுத்தவரை, 1967-லே விருதுநகர் தேர்ந்தெடுக்கவில்லை. 1,285 வாக்கு வேறுபாட்டிலே, மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் தோற்றார். சிறையிலே இருந்தபோது கூப்பிட்டு நாற்காலி தந்த அதே ஊர்! அரிசிக்கு வரிசையிலே நின்ற ஊர் அது; இந்திக்கு எதிராக மாணவர் குருதி சிந்திய மாநிலத்திலே ஓர் ஊர். டில்லியின் பொறுப்பு தோளிலே ஏறியபோது தெருவின் குரல் காதிலே விழும் தொலைவு கூடிவிட்டது. காமராசரைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அவரைப் போன்றவருக்கே அப்படி நேருமானால் மற்றவர் எம்மாத்திரம்?

இனி, போகாதவரைப் பற்றி. வடசென்னையிலே பிறந்தவர், நெசவாளர் மரபிலே வந்தவர், பிட்டி தியாகராயர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சி மன்றத்திலே இருந்தார். பின் அதன் தலைவருமானார். 1688-லே தொடங்கிய மன்றம் அது, இந்தியாவிலேயே முதுமையானது. அதே மன்றத்திலே டாக்டர் டி.எம். நாயர் உறுப்பினர். திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயில் குளம் தொடர்பாக இருவருக்கும் மன்றத்திலே பெரும் பூசல். குளத்துக்காகச் சண்டையிட்ட இருவரையும் 1916-லே டாக்டர் நடேசனார் இணைத்து வைத்தார். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் பிறந்தது. நாயர், பார்ப்பனரல்லாதார்க்குத் தனி இடங்கள் வேண்டி இலண்டன்வரை சென்றார். 1919 ஜூலை 17-லே அங்கேயே மறைந்தார். நகர்மன்றத்துக் கேள்வியைப் பேரரசின் தலைநகருக்கே சுமந்து சென்று, அங்கே உயிரையும் விட்டவர் அவர். தியாகராயரோ 1920 தேர்தலிலே கட்சி வென்று, ஆளுநர் அழைத்தும், முதலமைச்சர் பதவியை ஏற்கவில்லை. சுப்பராயலு ரெட்டியார் முதல்வரானார். தியாகராயர் தம் மாநகராட்சியோடு நின்றுகொண்டார்.

நின்றவர் என்ன செய்தார்? 1920-லே, ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியிலே, ஏழைப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு. தலைக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமற் போவதைப் பள்ளி வாயிலிலே நின்று பார்த்தவனுக்குத் தோன்றும் திட்டம் அது, மாளிகையிலே தோன்றாது. வேறு சில பள்ளிகளுக்கும் பரவியது. கல்வி நிதியிலே சோற்றுக்குச் செலவிடலாமா என்று அரசாங்கம் தடை சொன்னது. 1925 வாக்கிலே திட்டம் முடங்கியது. அவ்வாண்டு ஏப்ரலிலே தியாகராயரும் மறைந்தார்.

ஆனால் அந்த ஓரணாச் சோறு சாகவில்லை. 1956-லே காமராசர் அதை மாநிலத்துக்கு விரித்தார். 1982-லே எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1995 ஆகஸ்டு 15-லே மத்திய அரசு நாடு தழுவிய திட்டமாக அறிவித்தது. சமைத்த உணவே தர வேண்டும் என்று 2001 நவம்பரிலே உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. எண்ணிப் பாருங்கள்! ஒரு நகர்மன்றத்தின் தீர்மானம் எழுபத்தைந்து ஆண்டுகளிலே டில்லிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. தீர்மானம் கொண்டுவந்தவர் சென்னையை விட்டுப் போகவில்லை. அவர் பள்ளியின் பசி போயிற்று. நகராட்சி மனிதனின் தேசிய அரசியல் நுழைவு என்று எதையேனும் காட்ட வேண்டுமானால், நான் தலைமை ஆளுநர் மாளிகையைக் காட்டமாட்டேன். அந்தச் சோற்றுத் தட்டைக் காட்டுவேன்.

எங்கள் வடசென்னையின் பிற்காலக் கதை நீளமானது. சிலவற்றை மட்டும் தொட்டுச் செல்கிறேன். 1930-களின் நடுவிலே, பெத்துநாயக்கன்பேட்டையிலே நீதிக்கட்சி சார்பிலே மாநகராட்சித் தேர்தலுக்கு நின்று தோற்றார் ஓர் இளைஞர். அவர் அண்ணா. மன்றத்துக்குள் விடாத பேட்டைக்குத் தெரியாது, 1962-லே அவர் மாநிலங்களவையிலே முழங்கப் போகிறார் என்று! 1957-லே வடசென்னை மக்கள் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது, எந்தக் கட்சியையும் சாராமல் நின்ற எஸ்.சி.சி. அந்தோணி பிள்ளையை. யாழ்ப்பாணத்துத் தமிழர், இலங்கையிலே இடதுசாரி இயக்கத்திலே உருவானவர், போர்க்காலத்திலே இந்தியா வந்து சேர்ந்தவர். 1947-லே பக்கிங்காம் கர்நாடிக் ஆலையின் நூறு நாள் வேலைநிறுத்தத்தைச் சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவராக நின்று நடத்தியவர். சென்னை மாநகராட்சி மன்றத்திலும் இருந்தவர். கடல் கடந்து வந்த ஒருவரை ஆலை வாயிலிலே பார்த்து, பேட்டையிலே பார்த்து, பிறகே டில்லிக்கு அனுப்பினார்கள் பெரம்பூர்த் தொழிலாளிகள். 1959-லே மாநகராட்சியில் தி.மு.க. 45 இடங்களை வென்று, அ.பொ. அரசு மேயரானார். சட்டமன்றக் கோட்டையைப் பிடிப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே ரிப்பன் மாளிகையிலே பயிற்சி தொடங்கியது.

இப்படி வார்டிலே வளர்ந்த இயக்கம், வார்டுகளை என்ன செய்தது? கசப்பான பகுதி இது. நம் ஏட்டிலே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது? 1973-லே, ஊழல் புகாரை ஒட்டி, மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-லே! இடையிலே 23 ஆண்டுகள், இந்தியாவின் மூத்த மாநகராட்சிக்கு உறுப்பினரே இல்லை, அதிகாரிகள் ஆண்டனர். தி.மு.க. கலைத்தது, அ.தி.மு.க. அப்படியே வைத்திருந்தது, நடுவிலே மீண்டும் ஆண்ட தி.மு.க.வும் மன்றத்தை உயிர்ப்பிக்கவில்லை. மாநிலத்துக்குத் தன்னாட்சி வேண்டும் என்று டில்லியிலே கேட்டோம். அதே தன்னாட்சியை வியாசர்பாடி கேட்டபோது செவி சாய்க்கவில்லை. அரசமைப்பின் 74-ஆம் திருத்தம் 1993-லே நடைமுறைக்கு வந்து கட்டாயப்படுத்திய பின்னரே 1996 தேர்தல் வந்தது. 2016-லே மீண்டும் மன்றம் முடிந்தது. மறு தேர்தல் 2022 பிப்ரவரியிலே. அத்தேர்தலிலே, திரு.வி.க. நகர்ப் பகுதியிலிருந்து வென்ற ஆர். பிரியா மேயரானார், அந்த நாற்காலியிலே அமர்ந்த முதல் ஆதித்திராவிடப் பெண். 1917-லே சேலத்திலே ஓர் உறுப்பினருக்காக நடந்த முயற்சியை நினைத்தால், இந்தத் தொலைவு எளிதிலே கடந்ததன்று.

2011-லே இன்னொன்றும் நடந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகிய நகராட்சிகள் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டன, வார்டுகள் இருநூறாயின. துறைமுகமும் அனல்மின் நிலையமும் ஆலைப் புகையும் சூழ்ந்த அந்த ஊர்களுக்குத் தமக்கெனத் தலைவர், தமக்கென மன்றம் என்று இருந்தது போயிற்று. 2023 டிசம்பரிலே மிக்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்திலே பரவியது. வலை கறுத்தது, படகு கறுத்தது, அலையாத்தி மரத்தின் அடி கறுத்தது. வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சென்றது. செய்தி நாடெங்கும் சென்றது. கத்திவாக்கம் நகர்மன்றம் என்று கூடிப் பேச ஒரு மண்டபம் அன்று இல்லை. படகிலேறி, வாளியாலும் குவளையாலும் அந்த எண்ணெயை அள்ளியவர்கள் கழிமுகத்து மீனவர்கள்தாம்.